கிரேவ்ஸ் நோய்: மாத்திரையா, ரேடியோ அயோடினா, ஆபரேஷனா?

பொதுவாக டாக்டர் ஒரு மருந்தை எழுதிக் கொடுப்பார், நாம் வாங்கிச் சாப்பிடுவோம். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் மட்டும் கேள்வி நம் பக்கம் திரும்பி வரும். "மூன்று வழி இருக்கிறது, உங்களுக்கு எது சரிப்படும்?" என்பார் டாக்டர். ஏற்கெனவே கை நடுங்கி, தூக்கம் கெட்டு, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருக்கும் ஒருவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? "நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்கிறார்கள். அப்படி விட்டுவிடும் அளவுக்கு இது சின்ன முடிவு இல்லை. அடுத்த பல வருடங்கள் எப்படிப் போகும் என்பது இதில்தான் இருக்கிறது.

மூன்றுமே பழைய வழிகள். தைராய்டு அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பானதாக மாற்றியதற்காக தியோடர் கோகருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின், அதாவது ரேடியோ அயோடின், கொடுத்தார். 1943இல் எட்வின் ஆஸ்ட்வுட் தைராய்டை அடக்கும் மருந்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். எண்பது வருடங்கள் ஓடியும் ஒன்று மற்ற இரண்டையும் விரட்டிவிடவில்லை. ஒவ்வொன்றும் வேறொரு விலை கேட்கிறது, அதுதான் காரணம். மாத்திரை கேட்பது பொறுமை. மற்ற இரண்டும் சுரப்பியையே கேட்கின்றன.

முதலில் இது கிரேவ்ஸ்தானா?

இதை உறுதி செய்யாமல் கீழே உள்ள எதையும் படித்துப் பயனில்லை. ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) அடிமட்டத்துக்குப் போய், டி3, டி4 (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்கள்) ஏறியிருந்தால் தைராய்டு ஹார்மோன் அதிகம் என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் அதிகம் என்பது தனிக் கேள்வி. கிரேவ்ஸில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே ஓர் ஆன்டிபாடியை உண்டாக்கி, அது தைராய்டின் டிஎஸ்எச் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு "சுர, சுர" என்று தூண்டிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆன்டிபாடியை அளக்கும் பரிசோதனைக்கு டிராப் என்று பெயர். அது பாசிட்டிவ் என்றால் கிட்டத்தட்ட சந்தேகமே இல்லை.

தைராய்டில் அழற்சி வந்தாலும் இதே ரிப்போர்ட்தான் வரும். பிரசவத்துக்குப் பிறகோ வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ இப்படி நடப்பதுண்டு. அங்கே சுரப்பி கூடுதலாக எதையும் தயாரிப்பதில்லை, சேர்த்து வைத்தது கசிகிறது, அவ்வளவுதான். சில மாதங்களில் தானே அடங்கிவிடும். அதற்கு இந்த மூன்று சிகிச்சையும் தேவையில்லை, மாத்திரை கொடுத்தாலும் வேலை செய்யாது. இன்னொரு வகையில் ஒரே ஒரு கட்டி தன்னிச்சையாகச் சுரந்துகொண்டிருக்கும். அதை மாத்திரை அடக்கி வைக்குமே தவிர குணப்படுத்தாது. அங்கே போட்டி ரேடியோ அயோடினுக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும்தான்.

இடையில் ஒன்று. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாக ஏற்றியும் காட்டும். தைராய்டில் ஒரு கோளாறும் இல்லாதவர் கையில் அச்சு அசல் கிரேவ்ஸ் மாதிரியே ஒரு ரிப்போர்ட் வந்து நிற்கும்.

கிரேவ்ஸ் உறுதியென்றால் தள்ளிப்போட முடியாது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, வியர்வை, படபடப்பு, அடிக்கடி மலம் கழிப்பது, படியேறும்போது தொடையில் வலு இல்லாமல் போவது எல்லாம் வெளியே தெரிபவை. உள்ளே இதயத் துடிப்பு தாளம் தவறலாம், அதனால் ரத்தக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரை போகலாம். எலும்பும் தேயும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் நாட்களில்கூட பிராப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் கொடுத்து படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கி வைப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது.

மாத்திரை: சுரப்பி மிஞ்சும், குணமாகும் என்ற நிச்சயம் கிடையாது

மெத்திமசோல் அல்லது கார்பிமசோல். இரண்டும் ஒன்றுதான் என்றே சொல்லலாம், கார்பிமசோல் உடலுக்குள் போய் மெத்திமசோலாக மாறுகிறது. புரோப்பில்தையோயுராசில் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால் அதைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் போன்ற சில நேரங்களுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை ஆரம்பித்து பத்து நாளில் "ஒன்றும் மாற்றமே இல்லையே" என்று மனம் சோர்ந்துபோவது சகஜம். மருந்து புது ஹார்மோன் தயாராவதைத்தான் தடுக்கிறது. தயாரிப்பு நின்றாலும் கிடங்கில் இருக்கிற சரக்கு தீரும்வரை வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் வரை ஆகலாம். ஆகவே அளவுகள் சரியாக நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதன் பிறகு டோஸைக் குறைத்துக்கொண்டே வந்து, மொத்தம் 12 முதல் 18 மாதம் சாப்பிட வேண்டும்.

முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பி வருகிறது. இந்தப் பாதி என்ற கணக்கைக் கேட்டதும் பலர் மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார்கள். அது அவசரம் என்பேன். அந்தப் பாதி எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. கழுத்து வீக்கம் சிறியது, ஆன்டிபாடி அளவு குறைவு, ஆரம்ப டி4 மிதமானது, புகைப்பழக்கம் இல்லை என்றால் குணமாகும் வாய்ப்பு பாதிக்கு மேலேயே இருக்கும். பெரிய வீக்கம், மிக அதிக ஆன்டிபாடி, நாற்பதுக்குக் கீழ் வயது, சிகரெட் என்று எல்லாம் சேர்ந்தால் சரிவுதான். கோர்ஸ் முடிகிற சமயத்தில் டிராப் பரிசோதனையை மறுபடி எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அது இறங்காமல் நிற்கிறது என்றால் மாத்திரையை நிறுத்துவது வீண் முயற்சி. அப்போது சிறு டோஸில் வருடக்கணக்கில் தொடர்வது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. முன்பெல்லாம் பதினெட்டு மாதம் ஆனதும் கட்டாயம் வேறு வழிக்குப் போயாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, இப்போது அப்படி இல்லை.

பக்கவிளைவுகளில் தோல் அரிப்பும் தடிப்பும்தான் அடிக்கடி வருபவை, பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. பயப்பட வேண்டியது வேறொன்று. அபூர்வமாக, ஆயிரத்தில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கு, இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் திடீரென்று ஏறக்குறைய காலி செய்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும். அது வரும் விதம் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். மாலையில் லேசாகத் தொண்டை வலி, ராத்திரி காய்ச்சல், வாயில் ஒரு புண். வேறு யாராக இருந்தாலும் ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். இந்த மாத்திரை சாப்பிடுபவர் அப்படிச் செய்யக் கூடாது. அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வெள்ளை அணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. மாதாமாதம் ரத்தம் பார்த்து வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரியாது, அவ்வளவு வேகமாக விழும். அதனால்தான் தொண்டை வலி என்ற எச்சரிக்கையை வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லி வைக்கச் சொல்கிறார்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப்போவது, உடல் முழுக்க அரிப்பு ஆகியவை கல்லீரல் பக்கத்து எச்சரிக்கை.

ரேடியோ அயோடின்: ஒரு நிமிட வேலை, ஆறு மாதக் காத்திருப்பு

பெயரைக் கேட்டாலே பலருக்கு வயிற்றைப் பிசைகிறது. நேரில் பார்த்தால் சப்பென்று இருக்கும். கனமான ஈயக் குப்பி ஒன்றைத் திறப்பார்கள், உள்ளே சாதாரண மாத்திரை மாதிரி ஒரு கேப்ஸ்யூல். தண்ணீரோடு விழுங்கிவிட்டால் சிகிச்சை முடிந்தது. கொடுத்தவர் இரண்டடி தள்ளிப்போய் நிற்பதுதான் அந்த அறையில் விசேஷம்.

உடலில் அயோடினைப் பிடித்துச் சேர்த்து வைக்கும் பிரதான இடம் தைராய்டு. அதனால் கேப்ஸ்யூலில் உள்ள கதிரியக்க அயோடின்-131 நேராக அங்கே போய்ச் சேர்ந்து, உள்ளிருந்தே செல்களை அழிக்கிறது. மிச்சம் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் சிறுநீரில் போய்விடும். கதிரியக்கம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அந்த முதல் நாட்களில் தனியாகத் தூங்க வேண்டும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், கழிவறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, எழுதியே தருவார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் சில நாட்களை யார் பார்த்துக்கொள்வது என்பது மருத்துவத்தை விடப் பெரிய கேள்வியாகிவிடும். விமானப் பயணம் இருந்தால் ஆஸ்பத்திரிச் சான்று கையில் இருப்பது நல்லது. வாரக்கணக்கில் கழித்தும் விமான நிலையத்துக் கதிர்வீச்சுக் கருவி உங்களைப் பார்த்துக் கத்தக்கூடும்.

ஒரே டோஸில் பெரும்பாலானவர்களுக்கு ஹைப்பர் (ஹார்மோன் மிகுதி) அடங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் அடங்காவிட்டால் இரண்டாவது டோஸ். அடங்கியவர்களில் பெரும்பாலானோர் ஹைப்போ தைராய்டுக்கு (ஹார்மோன் குறைவுக்கு) போவார்கள். இதைப் பக்கவிளைவு என்று சொல்வது தவறு, இன்றைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் அதைக் குறிவைத்துத்தான் டோஸே கொடுக்கிறார்கள். இடைப்பட்ட வாரங்கள்தான் தொல்லை. முதலில் ஹார்மோன் கொஞ்சம் கூடிப் படபடக்கலாம், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் சோர்வும் எடையும் ஏறும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்காவிட்டால் ஹைப்போவில் மாதக்கணக்கில் தத்தளிக்க நேரும். இந்த வழியைத் தேர்ந்தெடுத்து நொந்துபோகிறவர்களில் பலர் சிகிச்சையால் நொந்தவர்கள் இல்லை, பின்தொடர்தலை விட்டவர்கள்.

புற்றுநோய் வருமா? ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. டோஸ் கூடும்போது ஆபத்து சற்றுக் கூடலாம் என்று சிலர், அப்படி இல்லை என்று சிலர். கூடினாலும் சிறிய அளவுதான் என்பதே பொதுவான நிலை. எண்பது வருடப் பயன்பாடு இருக்கும் ஒரு சிகிச்சைக்கு இதை மட்டும் காரணமாக்கி நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

வேண்டாம் என்று சொல்லக் காரணங்கள் வேறு. கர்ப்பம் என்றால் பேச்சுக்கே இடமில்லை, பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே சிசுவின் தைராய்டும் அயோடினைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே கொடுப்பதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கவும் முடியாது. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இன்னொரு காரணம் கண்.

கண் நோய் இருந்தால் கணக்கே மாறும்

கிரேவ்ஸ் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது கண்ணில் அறிகுறி இருக்கும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசையும் கொழுப்பும் வீங்கி விழி பிதுங்குவது, இமை மேலேறிப்போவது, மண் விழுந்த மாதிரி உறுத்தல், இரட்டைப் பார்வை. இது ஹார்மோன் அதிகமானதால் மட்டும் வருவது இல்லை, அதே ஆன்டிபாடியின் வேலை. ரேடியோ அயோடின் கொடுத்த பிறகு ஆன்டிபாடி மாதக்கணக்கில் ஏறி நிற்கும் என்பதால் சிலருக்குக் கண் மோசமாகிறது. லேசான கண் நோய் என்றால் கூடவே ஸ்டீராய்டு கொடுத்துச் சமாளிக்கலாம். மிதமானதோ தீவிரமானதோ என்றால் ரேடியோ அயோடினைத் தவிர்ப்பார்கள். மாத்திரைக்கும் ஆபரேஷனுக்கும் இந்தக் குற்றச்சாட்டு இல்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு எந்த வழியில் போனாலும் கண் கெடும் வாய்ப்பு பல மடங்கு. மூன்று சிகிச்சையில் எதை எடுப்பது என்று இரண்டு மாதம் யோசிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே முடிவு செய்யலாம்.

ஆபரேஷன்: சீக்கிரம் முடியும், ஆள் பார்த்துப் போக வேண்டும்

தைராய்டை முழுமையாக எடுத்துவிட்டால் நோய் திரும்புவது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஓரிரு நாள் ஆஸ்பத்திரி, சில வாரம் ஓய்வு, கழுத்தில் ஒரு மெல்லிய கோடு. வேகமும் நிச்சயமும் மற்ற இரண்டிலும் கிடைக்காதவை. ஆனால் ஹார்மோன் அதிகமாக இருக்கும்போதே கத்தி வைத்தால் உயிருக்கே ஆபத்தான தைராய்டு புயல் என்ற நிலை வரலாம் என்பதால், முதலில் மாத்திரை கொடுத்து அளவைச் சரிக்குக் கொண்டுவந்து, கடைசி வாரம் பத்து நாள் சாதாரண (கதிரியக்கம் இல்லாத) அயோடின் சொட்டு மருந்தும் கொடுத்து ரத்த ஓட்டத்தைக் குறைத்த பிறகே மேசைக்கு அழைப்பார்கள். ஆக, ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் மாத்திரை வழியாகத்தான் போக வேண்டும்.

இங்கே பயம் இரண்டு இடங்களில். சுரப்பியை ஒட்டி ஓடும் குரல் நரம்பு, சுரப்பியின் முதுகில் ஒட்டியிருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள். நரம்பு அடிபட்டால் குரல் கம்மும். பாராதைராய்டு அடிபட்டால் கால்சியம் விழும். ஆபரேஷனுக்கு மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல மரமரப்பு வந்தால் அதுதான் அர்த்தம், உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். தற்காலிகக் கால்சியம் குறைவு நிறையப் பேருக்கு வந்து போகும். நிரந்தரச் சேதம் தேர்ந்த கைகளில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். தேர்ந்த கை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "வருடத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள்?" என்று சர்ஜனிடமே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வருடத்துக்கு 25க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லை, நீங்களோ பாடகர் அல்லது ஆசிரியர் என்றால், ஆபரேஷனைக் கடைசி இடத்தில் வைப்பேன்.

மூச்சையோ விழுங்குவதையோ அழுத்தும் பெரிய வீக்கம், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள கட்டி ஆகிய இரண்டில் எது இருந்தாலும் ஒப்பீடு முடிந்தது, ஆபரேஷன்தான்.

"வாழ்நாள் முழுக்க மாத்திரை" என்ற பயம்

ரேடியோ அயோடினையும் ஆபரேஷனையும் மறுப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. கொஞ்சம் மிகையான பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. சுரப்பி போன பிறகு அதற்குப் பதிலாகச் சாப்பிடும் லெவோதைராக்ஸின் என்பது சுரப்பி தயாரிக்கும் அதே டி4தான். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. டோஸ் நிலைபெற்றுவிட்டால் வருடத்துக்கு ஒன்றிரண்டு ரத்தப் பரிசோதனை. ஒரு நாள் மறந்தாலும் பெரிய பாதகம் இல்லை. வருடக்கணக்கில் தொண்டை வலிக்கெல்லாம் பயந்துகொண்டு வாழ்வதை விட இது லேசு என்று நினைப்பவர்கள் உண்டு, அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ரத்த அளவு கச்சிதமாக இருந்தும் "பழைய ஆள் மாதிரி இல்லை" என்று சொல்லும் ஒரு சிறு பகுதியினர் இருக்கிறார்கள். எடையும் அப்படித்தான். நோயில் இறங்கிய எடை எந்தச் சிகிச்சையிலும் திரும்ப ஏறும், சிலருக்கு முன்பு இருந்ததைத் தாண்டியும் போகும். ஹைப்போவைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இது கூடுதல்.

குழந்தை பெறும் திட்டம் இருந்தால்

பெண்களுக்கு முடிவைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம் இதுதான், பலரிடம் யாரும் கேட்பதில்லை. மெத்திமசோல் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், முக்கியமாக ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை, சிசுவுக்குப் பிறவிக் குறை உண்டாக்கக்கூடும். அதனால் மாத்திரையில் இருப்பவர்கள் நாள் தள்ளிப்போனதும் காத்திருக்காமல் பரிசோதித்து, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். குறைந்த டோஸில் அடங்கியிருந்தால் நிறுத்திப் பார்க்கலாம், இல்லையென்றால் புரோப்பில்தையோயுராசிலுக்கு மாற்றுவார்கள். அடுத்த ஆறு மாதத்திலேயே கர்ப்பம் வேண்டும், ஆன்டிபாடியும் மிக அதிகம் என்றால் ஆபரேஷன் முன்னுக்கு வருகிறது. அதன் பிறகு ஆன்டிபாடி படிப்படியாக இறங்கும். ரேடியோ அயோடின் இங்கே கடைசிதான். இரண்டு வருடம் கழித்துத்தான் குழந்தை என்றால் மாத்திரை கோர்ஸை முடித்துவிட்டு யோசிக்க நேரம் இருக்கிறது. சுரப்பி போன பிறகும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிச் சிசுவின் தைராய்டைத் தூண்டலாம், ஆகவே பழைய கிரேவ்ஸ் கதையைப் பிரசவ மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

என் வரிசை

கண் நோய், கர்ப்பம், பெரிய வீக்கம், சந்தேகக் கட்டி எதுவும் இல்லாத ஒருவர் கேட்டால், மாத்திரையில் ஆரம்பியுங்கள் என்பேன். சுரப்பியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் விடலாம், விட்டதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் 12 முதல் 18 மாதத்துக்குள் டிராப் பார்த்து முடிவெடுப்பது என்று முதல் நாளே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நோய் ஒருமுறை திரும்பி வந்து, வயதும் கூடி, இதயத் துடிப்பு தாளம் தவறியவர் என்றால் நான் ரேடியோ அயோடினை முன்னால் வைப்பேன். அவருக்கு இன்னொரு முறை ஏறி இறங்குவது கட்டுப்படியாகாது. அடிக்கடி ஊர் மாறுகிறவர், ரத்தப் பரிசோதனைக்கு வர முடியாதவர், மாத்திரையை மறப்பவர் ஆகியோருக்கு மாத்திரை வழி காகிதத்தில் நன்றாக இருக்கும், நடைமுறையில் இருக்காது.

எந்த வழியில் போனாலும் முதல் சில மாதங்களுக்கு டிஎஸ்எச் எண்ணை மட்டும் பார்த்து டோஸை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் அமுங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழிக்க நேரம் எடுக்கும். டி4 ஏற்கெனவே கீழே போய், நீங்கள் ஹைப்போவில் தள்ளாடிக்கொண்டிருக்கும்போதும் டிஎஸ்எச் அடிமட்டத்திலேயே கிடந்து "இன்னும் ஹைப்பர்தான்" என்று காட்டும். ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் டி4) எங்கே என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.